ஓடினால்தான் ஓடும்

ஒரு சின்ன சோதனை. உங்களிடம் பெட்ரோல் கார் இருந்தால் (இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு) நாளைக் காலை பாட்டு, ஏ.ஸி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாவியை ‘ஆன்’ வரைக்கும் மட்டும் திருகுங்கள். ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஙீ...’ என்று ஒரு கொசு பாடும். இரண்டே விநாடி. ஓய்ந்துவிடும்.

அது கொசு இல்லை. பெட்ரோல் டேங்க்குக்குள் மூழ்கிக் கிடக்கும் எலெக்ட்ரிக் பம்ப். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே உங்களுக்காக வேலையை ஆரம்பித்துவிட்ட ஜீவன். பத்து வருஷமாக அதே காரை ஓட்டுகிறவர்கள்கூட அதன் குரலைக் கேட்டதில்லை. நடு ரோட்டில் அது மௌனமாகிற அன்றைக்குத்தான் ‘இப்படி ஒன்று இருந்ததா?’ என்று கேட்பார்கள். மெக்கானிக் பில்லை நீட்டும்போது இன்னொரு தடவை கேட்பார்கள்.

இந்தக் கொசுவுக்கு ஒரு தாத்தா உண்டு. அவர் ‘ஙீ’ என்று முனகுகிற ஆசாமி இல்லை. சாவியைத் திருகினால் ‘டிக்டிக்டிக்டிக்... டிக்... டிக்...’ என்று ஊரைக் கூட்டுவார். அப்புறம் சட்டென்று நிறுத்திக்கொள்வார். பழைய மோரிஸ் மைனர் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தம் இப்போதே காதில் கேட்டிருக்கும். இந்த வாரம் அந்தத் தாத்தாவைப் பற்றி.

அவர் பெயர் எஸ்.யூ. பம்ப். எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். ஸ்கின்னர் என்ற இங்கிலாந்து சகோதரர்கள் ஆரம்பித்த கம்பெனி. குடும்பத் தொழில் என்ன தெரியுமா? செருப்புக் கடை. லண்டனில் பேர்போன ‘லில்லி அண்ட் ஸ்கின்னர்’ கடைக்காரர்கள். தோல் வீட்டிலேயே இருந்ததாலோ என்னவோ, இவர்கள் முதலில் செய்த கார்ப்ரேட்டரில் தோலால் ஆன துருத்தி ஒன்று இருந்தது. 1926-ல் மோரிஸ் கார் கம்பெனி முதலாளி வில்லியம் மோரிஸ் இவர்களை வாங்கிப்போட்டார். 1930-களில் அங்கிருந்து வந்த எலெக்ட்ரிக் பம்ப், மோரிஸில் தொடங்கி எம்.ஜி., ஜாகுவார், ஏன், பென்ட்லி வரைக்கும் போய் உட்கார்ந்தது. ஏழை, பணக்காரன் வித்தியாசம் பார்க்காத பம்ப்.

நம் ஊருக்கும் அது வந்தது. 1948-ல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் விற்ற மோரிஸ் மைனரை இங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று பெயர் வைத்து விற்றது. அம்பாஸடருக்கு முந்தைய காலம். டாக்டர், வக்கீல், எஸ்டேட் மேனேஜர் என்று ஊருக்கு நாலு பேர் வைத்திருப்பார்கள்.

திண்டுக்கல்லில் அப்படி மிஞ்சிப்போன ஒரு மோரிஸை நான் பார்க்க நேர்ந்தது. அதற்கு முன், பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு நிமிஷம் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், நான் பி.காம். எனக்கே புரிந்திருக்கிறது.

* * *

உங்களுக்கு அடிபம்பு தெரியும். திண்டுக்கல் பக்கத்துக்காரர் என்றால் தெரிவதென்ன, கையே காய்த்திருக்கும். கைப்பிடியை அடித்தால் உள்ளே ஒரு தோல் வாஷர் மேலே போய் வரும். தண்ணீரை உள்ளே விட ஒரு வால்வு, வெளியே விட ஒரு வால்வு. உள்ளே வந்தது திரும்பிப் போகாது. அவ்வளவுதான் பம்ப்.

எஸ்.யூ. பம்ப்பும் அதேதான். தோல் வாஷருக்குப் பதில் டயாபிரம் என்கிற வட்டமான சவ்வு. மெக்கானிக்குகள் மொழியில் டயாபரம். கைப்பிடியை அடிக்க ஆள் வேண்டுமே? அதற்குக் கரண்ட். காயிலில் கரண்ட் பாய்ந்தால் காந்தம். காந்தம், சவ்வின் நடுவில் இருக்கும் இரும்புத் துண்டை இழுக்கும். சவ்வு பின்வாங்கும், டேங்க்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். முழுக்க இழுத்து முடித்த நொடியில், உள்ளே இருக்கும் ஒரு குட்டி நெம்புகோல் ‘டிக்’ என்று சாய்ந்து கரண்டைத் துண்டித்துவிடும். காந்தம் போச்சு. இப்போது ஸ்பிரிங் சவ்வை முன்னே தள்ளும். பெட்ரோல் கார்ப்ரேட்டருக்குப் போகும். தள்ளி முடித்ததும் நெம்புகோல் மறுபடி சாயும், மறுபடி கரண்ட். மறுபடி ‘டிக்’.

பத்தாம் வகுப்பில் மின்சார மணி படம் வரைந்து பாகங்களைக் குறித்தோமே, அதே தத்துவம். தன்னைத் தானே அணைத்துக்கொண்டு, தானே போட்டுக்கொள்ளும்.

அழகான விஷயம் இனிமேல்தான். கார்ப்ரேட்டரின் கிண்ணம் நிறைந்துவிட்டால் அங்கே ஒரு ஊசி வால்வு மூடிக்கொள்ளும். பெட்ரோல் போக இடமில்லை. ஸ்பிரிங் தள்ளிப் பார்க்கும், முடியாது. சவ்வு அப்படியே நிற்கும். நெம்புகோல் சாயாது. கரண்ட் இல்லை, சத்தம் இல்லை. கம்ப்யூட்டர், சென்ஸார் எதுவும் இல்லாமல், ‘போதும்’ என்று சொல்லத் தெரிந்த இயந்திரம். கல்யாணப் பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்கிற பெரியவர் மாதிரி.

அது தள்ளுகிற அழுத்தமும் அப்படித்தான், சாதுவானது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு, மிஞ்சிப்போனால் ஒன்றரை. உங்கள் காரில் இருக்கும் பேரன் பம்ப் 40 பவுண்டுக்கு மேல் தள்ளுவான். பேரனுக்கு வேகம் ஜாஸ்தி. ஆனால் கெட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். தாத்தாவைத் திறக்கலாம், துடைக்கலாம், மறுபடி மூடலாம்.

* * *

திண்டுக்கல்லில், நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறை. வைத்திருப்பவரை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது எழுபதைத் தொட்டிருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அவர் குடும்ப டாக்டர் மாதிரி. ஒரு கட்டுரை விஷயமாகப் பார்க்கப் போனேன். “உக்காருங்க தம்பி, ஒரு வீட்டுக்குப் போகணும், நீங்களும் வாங்க” என்று பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

ஊரில் டாக்டராக இருந்தவரின் வீடு. அவர் 2014-ல் காலமாகிவிட்டார். மனைவி ரிடையர்டு டீச்சர். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் டாக்டரின் மோரிஸ் மைனர். அவர் போனதிலிருந்து வண்டி ஓடவில்லை. பையன் வருஷா வருஷம் போனில், “அம்மா, அப்பா வண்டியை பத்திரமா பாத்துக்கங்க” என்பான். அந்த அம்மாவும் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார். மேலே கவர் போட்டார். கொட்டகைக்குக் கதவு போட்டார். கதவுக்கு ஊர்ப் பூட்டு ஒன்று போட்டார்.

ஊர்ப் பூட்டு என்றால் சாதாரணமா? கையால் அராவி, கையால் லீவர் அடித்து, ஒரு சாவி இன்னொன்றில் நுழையாதபடி செய்கிற திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அன்றைக்கு டீச்சர் சாவியைப் போட்டதும், இத்தனை வருஷம் கழித்து, ஒரே திருகலில் ‘கடக்’ என்று திறந்தது. பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே பூட்டப்பட்டிருந்ததற்குத்தான் ஆகியிருந்தது.

காயலான் கடைக்காரர் ஒருவர் எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருந்தார். பேரனோ, தாத்தாவின் காரில்தான் தன் கல்யாண ஊர்வலம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். “ஓடுமா ஓடாதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க பாய். ஓடாதுன்னா குடுத்துடறேன். என் காலத்துக்கு அப்புறம் இது யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது” என்றார் டீச்சர். குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. ஆனால் சொல்லும்போது வண்டியைப் பார்க்காமல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் ஓடுமென்றும் சொல்லவில்லை, ஓடாதென்றும் சொல்லவில்லை. புது பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகினார்.

நிசப்தம்.

பானெட்டைத் திறந்தார். மோரிஸ் மைனரில் இந்த பம்ப் இன்ஜினுக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு முன்பக்கச் சுவரில் இருக்கும். நானாக இருந்தால் செருப்பைக் கழற்றி ஒரு தட்டு தட்டியிருப்பேன். பழைய ஆட்கள் பலர் அதைத்தான் செய்வார்கள். கறுத்துப்போன பாயிண்ட் அந்த அதிர்ச்சியில் ஒட்டிக்கொள்ளும், பம்ப் ஓடும். பாய் தட்டவில்லை. “தட்டினா ஓடும் தம்பி. எங்க நிக்கும்னுதான் சொல்ல முடியாது. கொடைக்கானல் மலையில பாதி ஏத்தத்தில நிக்கும்” என்றார்.

* * *

பேட்டரி ஒயரை முதலில் கழற்றினார். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: பெட்ரோல் வேலைக்கு முன் கரண்டைத் துண்டிப்பது முதல் விதி. பம்ப்பைக் கழற்றி, திண்ணையில் தினத்தாள் விரித்து, அதன் மேல் வைத்தார். டீச்சரிடம் ஒரு டிபன் பாக்ஸ் மூடி வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது.

கறுப்பு பேக்கலைட் தொப்பியைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஜோடி குட்டிப் புள்ளிகள். அவைதான் பாயிண்ட். மிளகு சைஸ்கூட இல்லை. வெள்ளி மாதிரி மின்ன வேண்டியவை கரியாகக் கிடந்தன. “ஓடி ஓடி வர்ற கரியில்ல இது. ஓடாம வந்தது” என்றார் பாய். ஓடிக்கொண்டிருக்கும்போது பாயிண்ட்டுகள் ஒன்றோடொன்று உரசி, தங்களைத் தாங்களே துடைத்துக்கொள்கின்றன. சும்மா இருந்தால் காற்றும் ஈரமும் சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டிவிடும். பேப்பர் கனம்கூட இருக்காது. ஆனால் 12 வோல்ட்டை நிறுத்த அது போதும்.

நான் உதவுகிறேன் பேர்வழி என்று பட்டறைப் பையிலிருந்து எமரி பேப்பரை எடுத்து நீட்டினேன். “அதை வைங்க. தேய்ச்சா பொடி உள்ளயே உக்காந்துக்கும்.” விசிட்டிங் கார்டு ஒன்று கேட்டார். என் கார்டைக் கொடுத்தேன். அதை மெல்லிசாகக் கிழித்து, துளி ஸ்பிரிட் தொட்டு, பாயிண்ட்டுகளுக்கு நடுவே செருகி, மூடி, மெதுவாக இழுத்தார். கறுப்பாக வந்தது. மறுபடி. நாலாவது இழுப்பில் வெள்ளையாக வந்தது. என் விசிட்டிங் கார்டு உருப்படியாகப் பயன்பட்ட சந்தர்ப்பங்களில் அது முக்கியமானது.

அடுத்து அடிப்பாகத்தைத் திறந்தார். வால்வின் மேல் பழுப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரி ஒரு பிசின். பெட்ரோலில் ஆவியாகிறது எல்லாம் ஆவியாகிப் போனபின் மிஞ்சுகிற கசடு இது. அது வால்வை ஒட்டிப்போட்டிருந்தது. ஃபில்டர் வலையில் டேங்க் துரு. கடைசியாகச் சவ்வு. விரலால் அழுத்தினால் துணி மாதிரி வளைய வேண்டும். இது அப்பளம் மாதிரி இருந்தது. பாய் ஓரத்தை மடக்கினார். விரிசல் விட்டது.

அடிபம்பை நாலு மாசம் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? உள்ளே தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிடும். எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றி, தோல் ஊறின பிறகு அடிக்க வேண்டும். தோல் பதனிடுகிற ஊர் திண்டுக்கல், இங்கே இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்ரோல் சவ்வுக்கும் அதே கதை. நனைந்துகொண்டிருக்கிற வரைக்கும் பிழைக்கும். காய்ந்தால் செத்தது. ஆனால் தோல் வாஷர் மாதிரி இது ஊறவைத்தால் திரும்பி வராது. மாற்றத்தான் வேண்டும்.

மாற்றச் சவ்வு கிடைக்கிறதா? கிடைக்கிறது. அதுதான் ஆச்சரியம். எஸ்.யூ. சாமான்களை இன்றைக்கும் இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் பர்லன் கம்பெனி செய்து கொண்டிருக்கிறது. டீச்சர் பையன் ஒரு ரிப்பேர் கிட் வரவழைத்துக் கொடுத்துவிட்டான். அது வந்து இறங்க மூன்று வாரம். மறுபடி பாய் கூப்பிட்டபோது நானும் போய் உட்கார்ந்தேன்.

* * *

பழைய சவ்வைக் கழற்றும்போதுதான் டிபன் பாக்ஸ் மூடியின் ரகசியம் தெரிந்தது. சவ்வைச் சுற்றிலும் குட்டிக் குட்டிப் பித்தளை உருளைகள். இரும்புத் துண்டு ஆடாமல் நடுவில் நிற்பதற்காக வைத்தவை. கவனிக்காமல் கழற்றினால் ஆளுக்கொரு மூலையாக ஓடிவிடும். மூடியில் விழுந்ததை எண்ணினார் பாய். 11. “கிரிக்கெட் டீம் மாதிரி. ஒண்ணு கொறஞ்சாலும் ஆடக் கூடாது” என்றார்.

புதுச் சவ்வை மாட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. திருகாணி மாதிரி உள்ளே திருகிக்கொண்டே போக வேண்டும், நெம்புகோல் சாய மறுக்கிற வரைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருகினால் ஒரு இடத்தில் ‘டிக்’ என்று சாயும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. ஓரத்தில் ஆறு ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா, அதில் நாலு ஓட்டை தூரம், அதாவது மூன்றில் இரண்டு சுற்று, இன்னும் வெளியே திருக வேண்டும். கம்பெனியின் கையேட்டிலும் இதுதான் கணக்கு. பாய் கையேட்டைப் பார்த்ததில்லை. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் “ஆறுல நாலு” என்று சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் இன்ஜினியர்கள் எழுதினது வாய் வழியாக நாகல் நகர் வரைக்கும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

டேங்க்கைக் கழுவி, புது பெட்ரோல் ஊற்றி, எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டி (பம்ப் மௌனத்துக்குப் பாதிக் காரணம் இந்த எர்த்தான்), கார்ப்ரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டார். சாவி.

டிக்டிக்டிக்டிக்டிக்.

பாட்டிலில் பெட்ரோல் துள்ளி விழுந்தது. ஒரு நிமிஷத்தில் அரை லிட்டருக்குக் குறையாமல் வந்தால் பம்ப் தேறியது. தாராளமாகவே வந்தது. குழாயை மாட்டி மறுபடி சாவி. டிக்டிக்டிக்... டிக்... டிக்... நின்றது. பாய் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாதிருக்கச் சொன்னார். வாட்சைப் பார்த்தார். கால் நிமிஷம். சத்தம் இல்லை. சாவியை அணைத்துவிட்டு, “தேவலாம்” என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

நான் பம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் டீச்சர் சமையலறையிலிருந்து வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. கையில் கரண்டி. “ராத்திரி ரெண்டு மணிக்கு இந்தச் சத்தம் கேட்டா பிரசவ கேஸுன்னு அர்த்தம்” என்றார். “இது நிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் டாக்டர் ஸ்டார்ட்டரை இழுப்பார். நான் எந்திரிச்சுப் போய் கேட்டைச் சாத்துவேன்.” அவ்வளவுதான் சொன்னார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

காயலான் கடைக்காரருக்கு அன்று சாயங்காலமே ‘இல்லை’ என்று சொல்லியாகிவிட்டது.

* * *

பி.காம். முதல் வருஷத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். சொத்தின் மதிப்பு ஏன் குறைகிறது? உபயோகிப்பதால், காலம் போவதால், புது மாடல் வருவதால். மூன்று காரணம் எழுதினால் மூன்று மார்க். உபயோகிக்காததால் குறைகிறது என்று எந்தப் பேப்பரிலும் எழுதியதில்லை. பாய் பட்டறையில் அதுதான் முதல் காரணம். “ஓட்டித் தேஞ்ச பம்ப் எங்கிட்ட பத்துல மூணுதான் தம்பி வரும். மிச்சம் ஏழும் நிறுத்தி வச்சது” என்கிறார். ஆசையாகப் பூட்டி வைக்கிறார்கள். ஆசைதான் அழிக்கிறது.

இப்போது நிறுத்தி வைப்பது முன்னைவிட ஆபத்து. காரணம், பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் கெட்டதென்று சொல்ல வரவில்லை. கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் வருகிறது, இறக்குமதிச் செலவு மிச்சம். ஆனால் அதற்கு இரண்டு குணம். ஒன்று, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு, பழைய காலத்து ரப்பரை ஊதவைக்கும், இளக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. 1950-களின் மோரிஸ் செய்தவர்கள் எத்தனாலைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆகவே பழைய வண்டி வைத்திருந்தால், எத்தனாலைத் தாங்குகிற சவ்வும் ஹோஸும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஆறு மாசம் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

வெயில் இன்னொரு எதிரி. சித்திரையில் திண்டுக்கல் சமவெளியில் ஓட்டி, அப்படியே சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றினால், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை அடித்துக்கொண்டிருக்கும், இன்ஜின் பட்டினி கிடக்கும். இதற்குப் பெயர் வேப்பர் லாக். பூட்டு ஊரில் சாவியே இல்லாத ஒரே பூட்டு. அம்பாஸடர் டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத் துணி போட்டுக்கொண்டு ஏறினது இதற்காகத்தான். வண்டியை ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தானாகவே திறந்துகொள்ளும். டீ குடிக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் ஈரத் துணி கண்டுபிடித்தவர்கள்.

எஸ்.யூ. பம்ப் வைத்திருப்பவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளச் சில குறிப்புகள். சாவியைத் திருகினதும் வேகமாக அடித்து, மெதுவாகி, நின்றால் சௌக்கியம். நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. இன்ஜினை அணைத்த நிலையில், நின்றுவிட்டு கால் நிமிஷத்துக்குள் மறுபடி ஒரு ‘டிக்’ போட்டால் பெட்ரோல் எங்கோ நழுவுகிறது. மூக்கை வைத்துத் தேடுங்கள், தீப்பெட்டியை வைத்து அல்ல. சத்தமே இல்லாவிட்டால் பாயிண்ட், எர்த், கரண்ட் என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது சாவியை ‘ஆன்’ போட்டுவிட்டு அரட்டைக்குப் போகாதீர்கள். பாயிண்ட் ஒட்டிய நிலையில் நின்றுபோனால் காயில் வெந்துவிடும்.

புதுக் கார்க்காரர்களுக்கு ஒரே குறிப்பு. உங்கள் பம்ப் டேங்க்குக்குள் மூழ்கியிருக்கிறது. அதைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் ‘ரிஸர்வ்’ விளக்கு எரிய எரிய ஓட்டுகிற சிக்கனக்காரர்கள், பம்ப்பை வெயிலில் நிறுத்தி வேலை வாங்குகிறார்கள். கால் டேங்க்குக்குக் கீழே போக விடாதீர்கள்.

* * *

டீச்சர் வீட்டு மோரிஸ் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். காம்பவுண்டுக்குள் முன்னும் பின்னும் போய் வருகிறது. சாலைக்கு வர இன்னும் காகிதங்கள் பாக்கி. ஆர்.சி. டாக்டர் பெயரில் இருக்கிறது, காலாவதியும் ஆகிவிட்டது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற இரண்டு எழுத்து சேரும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது, இதற்குத்தான் அனுமதி. பேரனின் கல்யாண ஊர்வலத்தை இதில் எதில் சேர்ப்பது என்று வக்கீல் ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பாய்க்குக் கவலை காகிதத்தில் இல்லை. “பம்ப் ஒரு நாள் வேலை. அதை வாராவாரம் ஓட்ட ஒரு ஆள் வேணும்ல?” என்றார். அவர் பையன் செல்போன் கடையில் இருக்கிறான். நல்ல சம்பளம். போனில் பேட்டரியே ஒட்டி வருகிறது, திறக்கிற வேலை இல்லை. “ஆறுல நாலு” என்பதை இவர் யாருக்குச் சொல்லிவிட்டுப் போவார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக் பையன், கை முழுக்கக் கிரீஸோடு, பித்தளை உருளைகளைத் துடைத்துத் துடைத்து மூடியில் போட்டுக்கொண்டிருந்தான். எண்ணிவிட்டு, “பாய், பத்துதான் இருக்கு” என்றான். பாய் தலை நிமிராமல், “திண்ணைக்குக் கீழ பாரு” என்றார். அங்கேதான் இருந்தது.

வண்டியை வாராவாரம் யார் ஓட்டுவது என்பதற்கு டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். சனிக்கிழமை காலையில் அந்தப் பையன் வருகிறான். கொட்டகைக் கதவுகளை விரியத் திறந்து வைக்கிறான். ஆனால் சாவியைத் திருகுவது டீச்சர். சத்தம் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, “ம், இப்ப எடு” என்று சொல்லிவிட்டு, எழுபத்தெட்டு வயதில் நடந்துபோய் கேட்டைச் சாத்துகிறார்.

உங்கள் வீட்டிலும் ‘பத்திரமாக’ ஏதாவது இருக்கும். மோரிஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தையல் மிஷின், ஆர்மோனியம், மாமா விட்டுப்போன ஸ்கூட்டர். இந்தச் சனிக்கிழமை பூட்டைத் திறந்து, எண்ணெய் போட்டு, பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள்.

ஸ்கூட்டர் என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரு காலத்தில் ஸ்பென்ஸர் கம்பெனி சுருட்டுச் சுற்றிய ஊரின் கதை இது என்பதற்காக, பக்கத்தில் நின்று பற்ற வைத்துவிடாதீர்கள்.